காதில் அக்கி வந்தால் முகம் ஏன் கோணுகிறது?

சின்னம்மை ஆறினாலும் அதன் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது அக்கியாக எழுகிறது. காதுக்கருகே முகநரம்பின் முடிச்சில் அது விழித்துக்கொண்டால்தான் சிக்கல். குறுகலான எலும்புக் குழாய் வழியாக வருகிற நரம்பு அது. வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்கிச் செயலிழக்கிறது. 1907-இல் இதை விவரித்த அமெரிக்க நரம்பியலாளர் ராம்சே ஹன்ட்டின் பெயரே நோய்க்கும். 2022-இல் பாடகர் ஜஸ்டின் பீபருக்கு வந்தது இதுதான்.

இதன் அறிகுறிகள்: காதில் கடும் வலி, காது மடலிலோ வாயிலோ கொப்புளம், ஒரு பக்கம் கண் மூடாமை, வாய் கோணுதல். சிலருக்குக் காது மந்தமாகும், தலை சுற்றும். கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அசைக்ளோவிர் வகை மாத்திரையும் ஸ்டீராய்டும் மூன்று நாளுக்குள் தொடங்கினால் மீளும் வாய்ப்பு அதிகம். மூடாத கண் உலர்ந்து கருவிழி புண்ணாகும் என்பதால் பகலில் சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் அவசியம்.

அக்கிக்குக் காவியால் எழுதும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. எழுதுகிறவரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் காவி நரம்பை எட்டாது. காதில் கொப்புளம் கண்டால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.