நாற்பது மாட்யூல், நாற்பது காப்பி: பில்ட் ஸ்கிரிப்டை ஒழுங்குபடுத்துவோம்

இன்னைக்கு யாரும் பெருசா கண்டுக்காத ஒரு விஷயம்: பில்ட் ஸ்கிரிப்ட். ஆப் கோடுல ஒரே ஃபங்ஷன் ரெண்டு இடத்துல இருந்தா, ரிவ்யூல உடனே கேள்வி வரும். ஆனா பில்ட் ஃபைல்ல அதே இருபது வரி ஒவ்வொரு மாட்யூல்லயும் இருக்கும். "ஓடுதுல்ல, விடுங்க"ன்னு போயிடுவோம்.

அதோட விலை என்னன்னு 2021 டிசம்பர்ல பார்த்தோம். ஜாவா உலகத்துல ரொம்பப் பேர் பயன்படுத்துற லாகிங் லைப்ரரி லாக்4ஜே. அதுல லாக்4ஷெல்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. லாக்ல பதிவாகுற ஒரு டெக்ஸ்ட் மூலமாவே, வெளியாள் நம்ம சர்வர்ல தன்னோட கோடை ஓட்ட முடியும். 2.15.0ல சரி பண்ணாங்க, அது போதலை. அதே மாசத்துல 2.16.0, 2.17.0, 2.17.1னு அடுத்தடுத்து வந்துச்சு.

உங்ககிட்ட 40 மாட்யூல் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வெர்ஷன் நம்பரைக் கையால எழுதியிருக்கீங்கன்னு வைங்க. நாலு ரவுண்டுக்கு 160 திருத்தம். ஒண்ணை விட்டாலும் பழைய ஓட்டை அந்த பேக்கேஜோட வெளிய போகலாம். டைப் பண்றது கூட பரவாயில்ல. காப்பிகள் சத்தமில்லாம ஒண்ணுக்கொண்ணு மாறிப்போறதுதான் ஆபத்து.

கிரேடில்ல பலரும் முதல்ல செய்யறது, ரூட் பில்ட் ஃபைல்ல 'சப்புராஜெக்ட்ஸ்' பிளாக் போட்டு எல்லா மாட்யூலுக்கும் செட்டிங்கைத் திணிக்கறது. ஆனா அப்புறம் மாட்யூலோட ஃபைலைத் திறந்தா, எது எங்கிருந்து வருதுன்னே தெரியாது. விதிவிலக்குக்கெல்லாம் இஃப் மேல இஃப் சேரும். கிரேடில் ஆவணங்களே இந்த வழியைத் தவிர்க்கத்தான் சொல்லுது.

அவங்க சொல்ற வழி, கன்வென்ஷன் பிளகின். ரூட்ல 'பில்ட்எஸ்ஆர்சி'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதோட பில்ட் ஃபைல்ல 'காட்லின்-டிஎஸ்எல்' பிளகினைச் சேருங்க. உள்ள 'எஸ்ஆர்சி/மெயின்/காட்லின்'ல 'டீம்.ஜாவா-லைப்ரரி.கிரேடில்.கேடிஎஸ்'னு ஒரு ஃபைல் வைங்க. ஜாவா வெர்ஷன், டெஸ்ட், பப்ளிஷிங் செட்டிங் எல்லாம் அதுக்குள்ள. ஃபைல் பேர்ல 'டீம்.ஜாவா-லைப்ரரி'ங்கிற பகுதியே பிளகினோட ஐடி ஆயிடும். மாட்யூல்ல அந்த ஐடியும் அதுக்கே உரிய டிபென்டன்சிகளும் மட்டும் இருந்தா போதும். படிக்கிறவங்களுக்கு அது என்ன வகை மாட்யூல்னு முதல் வரியிலயே தெரியும்.

வெர்ஷன் நம்பர்களுக்கு, கிரேடில் 7.4ல நிலையான அம்சமா ஆன வெர்ஷன் கேட்டலாக் இருக்கு. ஆனா கேட்டலாக் நம்பரைப் பட்டியல் போடும், அவ்வளவுதான். வேற லைப்ரரி வழியா பழைய லாக்4ஜே உள்ள வந்தா அது தடுக்காது. அதுக்கு 'கன்ஸ்ட்ரெயின்ட்' வேணும். அதையும் கன்வென்ஷன் பிளகின்ல எழுதிட்டா, அதைப் பயன்படுத்துற எல்லா மாட்யூலுக்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. 1999ல வந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகம் பிரபலமாக்கின 'டிஆர்ஒய்' கொள்கை, ஒரே மாதிரி தெரியற வரிகளைப் பத்தினது இல்ல. ஒரே முடிவு ரெண்டு இடத்துல பதிவாகக் கூடாதுங்கிறது. உள்ள ஓடுற சர்வீஸும், வெளிய கொடுக்கற எஸ்டிகேவும் இன்னைக்கு ஒரே ஜாவா வெர்ஷன்ல இருக்கலாம். ஆனா எஸ்டிகே வெர்ஷனை மாத்தணும்னா கஸ்டமரைக் கேக்கணும். காரணம் வேறன்னா, ரெண்டையும் தனித்தனியாவே விடுங்க.

நாளைக்கு உங்க புராஜெக்ட்ல ரெண்டு பில்ட் ஃபைலை டிஃப் போட்டுப் பாருங்க. வித்தியாசப்படுற ஒவ்வொரு வரிக்கும் டீம்ல யாராவது காரணம் சொல்ல முடியுதான்னு கேளுங்க. சொல்ல முடியாத வரியிலிருந்து வேலையை ஆரம்பிங்க.