சீட்டுக்குக் காசு இல்லை, காத்திருக்கத்தான் காசு

முத்தியால்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினால் ஐந்து நிமிடத்தில் கோட்டக்குப்பம். நடுவே ஆறு கிடையாது, மதில் கிடையாது. மதுக்கடைகள் எங்கே சட்டென்று நின்றுபோகின்றனவோ அங்கே புதுச்சேரி முடிந்து விழுப்புரம் மாவட்டம் தொடங்குகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில்தான் இந்த எல்லை நிஜமாகவே எல்லையாகிறது.

அந்தப் பக்கத்துப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் உண்டு. கல்லூரியில் சேர்ந்தால் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். தம்பி இருந்தால் அவனுக்கு 2024-இல் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’.

இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு இவை எதுவும் கிடையாது. அவளுக்கு வேறு கதவுகள். ஜிப்மரில் உள்ளூர் மாணவர்களுக்கென இடங்கள் உண்டு, அங்கே எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தில் குறிப்பிட்ட சில படிப்புகளில் 25 சதவீதம் புதுச்சேரியினருக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-இல் வந்தது. சென்டாக் என்ற அரசுச் சேர்க்கைக் குழு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் காமராசர் பெயரிலான நிதியுதவி.

சிக்கல் யாருக்கு என்றால், வீடு அந்தப் பக்கம், பள்ளி இந்தப் பக்கம் என்று இருக்கும் பிள்ளைக்கு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுச்சேரி இடத்துக்குப் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று வேண்டும், அதாவது ஐந்து வருடத் தொடர் வாசம். வாடகை கட்டுப்படியாகாமல் எல்லை தாண்டிக் குடிபோகிற குடும்பம் இந்தக் கணக்கை அப்போது போடுவதில்லை. மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் என்றுதான் போகிறது. பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போதுதான் அந்த மிச்சத்தின் விலை தெரிகிறது.

காகிதம் வாழ்க்கையைத் தீர்மானிப்பது இந்த ஊருக்குப் பழக்கப்பட்டதுதான். 1881-இல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்கள் புதுப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் சைகோனுக்குக் கப்பலேறிக் குமாஸ்தா ஆனார்கள், காவலர் ஆனார்கள். பட்டாளத்தில் சேர்ந்தவர்களை ஊரில் இன்றும் ‘சொல்தா’ என்றே சொல்கிறோம். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவெடுக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அன்று எழுதிக் கொடுத்த வீட்டுப் பேரன் இன்று பாரிஸில்; சும்மா இருந்த பக்கத்து வீட்டுப் பேரன் லாஸ்பேட்டையில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

காகிதம் இல்லாதவர்களுக்கு ஆலை இருந்தது. 1898-இல் தொடங்கிய ரோடியர் மில், பிறகு ஏ.எஃப்.டி.; அதோடு சுதேசி, பாரதி. பள்ளியைப் பாதியில் விட்டவனுக்கும் அங்கே ஷிப்ட் கிடைத்தது. எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30-இல் பன்னிரண்டு தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஊர் இது. ஏ.எஃப்.டி. 2020-இல் மூடப்பட்டது. பட்டம் இல்லாமலும் பிழைக்கலாம் என்பதற்கு இருந்த பெரிய சான்று அதோடு போயிற்று. சேதராப்பட்டில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று எடுத்த நிலம் இத்தனை வருடம் சும்மா கிடந்ததை ஊரறியும்.

ஆகவே எல்லோரும் படிக்கிறார்கள். படிப்பதற்கு இங்கே செலவு அதிகம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பள்ளியில் மதிய உணவை 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகம் தொடங்கிவிட்டது. மாணவர் பஸ்ஸில் டிக்கெட் ஒரு ரூபாயாக இருந்தது என்று வெளியூர்க்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார். அதையும் பிறகு இலவசமாக்கினார்கள். தாகூர் கலைக் கல்லூரியிலும் பாரதிதாசன் மகளிர் கல்லூரியிலும் கட்டணம் யார் வீட்டையும் உடைக்காது.

உடைப்பது இடைவெளி. நீட் தேர்வு மே மாதத்தில் நடக்கிறது. கலந்தாய்வு அகில இந்தியச் சுற்று, மாநிலச் சுற்று, காலியிடச் சுற்று என்று இழுத்துக்கொண்டே போய் மழைக்காலத்தைத் தொடும். கல்லூரிகளோ ஜூலையில் திறந்துவிடும். மருத்துவம் கிடைக்குமா என்று தெரியாத பிள்ளை ஓரிடத்தில் சேர்ந்துதான் ஆகவேண்டும். பி.டெக்., நர்சிங், எதுவாவது. பணம் கட்டுகிறார்கள், விடுதிக்கு முன்பணம் கொடுக்கிறார்கள், சீருடை தைக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் கால்நடை மருத்துவத்துக்கோ ஆயுர்வேதத்துக்கோ இடம் வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டும். கட்டிய பணம் முழுதாகத் திரும்பி வந்த கதையை நான் அதிகம் கேட்டதில்லை. எதுவும் வராவிட்டால் இன்னொரு வருடம் கோச்சிங். ஒரு சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்த ஒரு வருடம் அம்மாவின் நகைக்கடன் சீட்டாக மாறுகிறது.

புதுச்சேரிக்கென்று சொந்தப் பள்ளிக் கல்வி வாரியம் கிடையாது. இத்தனை காலமும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான். புதுச்சேரியின் பகுதிகளான மாகே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. தனியார் பள்ளிகளில் பல தமிழ்நாட்டுப் பாடத்திலேயே இருக்கின்றன. பொறியியலுக்கும் கலை, அறிவியலுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை என்பதால், இரண்டு விதத் தேர்வு எழுதியவர்கள் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்கிறார்கள். கையை இறுக்கிப் போடும் வாரியத்தில் என் பிள்ளையை மாட்டிவிட்டீர்களே என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. நீட்டுக்கு இந்த மாற்றம் உதவும் என்பதும் சரிதான். ஆனால் அரசுப் பள்ளியில் நீட் எழுதுகிறவர்களைவிட எழுதாதவர்கள்தான் அதிகம்.

பட்டம் வாங்கியபின் இரண்டாவது காத்திருப்பு. டி.என்.பி.எஸ்.சி. போல இங்கே சொந்தத் தேர்வாணையம் இல்லை. எழுத்தர் பணிகளுக்குப் பணியாளர் துறையே தேர்வு நடத்துகிறது. நடத்தும் வருடம் உண்டு, பல வருடம் நடத்தாமல் இருப்பதும் உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2023-இல் எழுத்தர் தேர்வு வந்தபோது, வயது வரம்பைத் தாண்டிவிட்டவர்கள் வெளியே நின்று பார்த்தார்கள். நடுவில் வீட்டுச் செலவு நிற்கவில்லை. ரேஷன் அரிசிக்குப் பதில் 2015 செப்டம்பரிலிருந்து வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். அரிசி விலை ஏறியது, ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 தீபாவளி சமயத்தில்தான் மறுபடி திறந்தார்கள். ஊருக்குள் வாடகை வீடுகள் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டே ஆகின்றன. வார இறுதியில் வரும் பெங்களூருக்காரர் இரண்டு இரவுக்குக் கொடுப்பதைக் குடித்தனக்காரர் மாதம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்க முடியாது. அந்த ஹோம்ஸ்டே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பையன் பி.காம். என்பதைப் பேச்சுக் கொடுத்தால்தான் தெரிந்துகொள்வீர்கள்.

மற்றவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறார்கள். அங்கே முதல் சம்பளத்தில் பாதியை வாடகையும் மெஸ்ஸும் தின்றுவிடும்.

போன ஜூனில் லாஸ்பேட்டை பிரவுசிங் சென்டர் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ஒரு அம்மா மேசைமேல் வரிசையாக வைத்தார்: குடியிருப்பு, சாதி, வருமானம், டி.சி., மார்க் ஷீட். பக்கத்தில் மகள். விண்ணப்பம் கடைசிப் பக்கம்வரை போய் ஓ.டி.பி. கேட்டது. பதிவு செய்த எண் அப்பாவுடையது. அவர் சென்னையில் ஹோட்டல் சமையலறையில், மதிய நேரப் பரபரப்பில். நான்கு முறை போட்டபிறகு எடுத்தார். எண்ணைப் படித்துச் சொன்னார். காலாவதி. “இன்னொருக்கா அனுப்பச் சொல்லுங்கண்ணா” என்றாள் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கடைக்காரர் அனுப்பினார். மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. அப்பா இருங்க, இருங்க என்றார்.