கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய தாள்

திருவாலங்காட்டில்தான் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புக்காரருக்குப் பணம் வருவது வெட்டு முடிந்த பிறகு. பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் அதுவரை காத்திருக்காது. அந்த இடைவெளியில்தான் குழுக் கடனுக்குக் கையெழுத்து விழுகிறது.

ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் நடத்துகிறது. ஊர் ஊராக முகாம் போடுகிறார்கள், கையேடு தருகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் 201 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வுக் கட்டுரை ஒன்று, மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்துக்கு மட்டுமே நிதிப் பாடம் காரணம் என்றது. மாதங்கள் கடந்தால் பாடம் மறந்துவிடுகிறது. மாசியில் கேட்டது ஆடியில் கடன் வாங்கும்போது கைகொடுக்காது. முடிவெடுக்கும் நேரத்தில் சொன்னால்தான் பயன் என்பதே அந்த ஆய்வாளர்களின் கருத்து.

அந்த நேரத்துக்கென்றே ஒரு தாள் இருக்கிறது: முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபருக்குத் தரும் புதிய தவணைக் கடனுக்கு, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இதைத் தந்தாக வேண்டும். திருப்பிக் கட்டும் காலம் ஒரு வாரமோ அதற்கு மேலோ உள்ள கடன் என்றால், படித்துப் பார்த்து முடிவெடுக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் உண்டு. 'இப்பவே போடுங்கம்மா' என்று யாரும் அவசரப்படுத்த முடியாது.

அந்தத் தாளில் முதலில் தேட வேண்டியது ஆண்டு சதவீத விகிதம். 40,000 ரூபாய் கடன், 24 மாதம், 'வட்டி 12 சதவீதம்தான்' என்கிறார் முகவர். முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால் 9,600 ரூபாய். மாதத் தவணை ஏறக்குறைய 2,067. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறதே! குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். செயல்பாட்டுக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தால் இன்னும் ஏறும். இவையெல்லாம் சேர்ந்ததுதான் ஆண்டு சதவீத விகிதம். தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் சம்மதமில்லாமல் பிடிக்கக் கூடாது.

பணம் போடும்போதும் இப்படிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆருத்ரா கோல்டு நிறுவனம் லட்சத்துக்கு மாதம் 30,000 ரூபாய் வரை தருவதாக ஆசை காட்டியது. 2022இல் வழக்குப் பதிவானபோது 2,400 கோடிக்கு மேல் வசூலாகியிருந்தது. டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிறுவனமா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம். புகாரும் அங்கேயே தரலாம்.

கடன் வாங்கிய பிறகும் விதி உண்டு. குழுக் கடன் போன்ற மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரக் கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை; நிறுவனத்துக்குக் கொடுத்த புகாரின் நகலையும் ஒப்புகையையும், கூடவே முக்கிய விவர அறிக்கையின் நகலையும் தவணை அட்டையின் நகலையும் இணைத்துக் கொடுங்கள்.