ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் மாநாடுகள்: மாணவர்களின் உயர்கல்விக்கு ஏன் முக்கியம்?

புதுடெல்லி: பத்தாம் வகுப்பை முடித்த ஒரு மாணவர் பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பாடத்தைக் கைவிட்டால், அதன் விளைவு பள்ளியோடு முடிவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் படிக்க அவர் விரும்பினால், அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும். அப்படிப்பில் சேரக் கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதம் கட்டாயம் என்பதே காரணம். இதை மாணவருக்கு உரிய நேரத்தில் எடுத்துச் சொல்லக்கூடியவர், பெரும்பாலும் அவருடைய பள்ளி ஆசிரியர்தான்.

அந்த ஆசிரியருக்கு இத்தகவல் எங்கிருந்து கிடைக்கும் என்பதே கேள்வி. பள்ளி ஆசிரியர்களுக்கும் உயர்கல்வி வழிகாட்டி ஆலோசகர்களுக்கும் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பணித்திறன் மேம்பாட்டு மாநாடுகள் இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளில் ஒன்றாக உள்ளன.

மாநாடுகளில் நடப்பது என்ன?

இத்தகைய மாநாடுகள் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நாள்கள் பல்கலைக்கழக வளாகத்திலேயே நடைபெறுகின்றன. சேர்க்கைப் பிரிவு அதிகாரிகள் தகுதி விதிகளை விளக்குகின்றனர். துறைப் பேராசிரியர்கள் முதலாண்டு பாடத்திட்டத்தையும், அதைச் சமாளிக்கப் பள்ளியில் என்ன அடித்தளம் தேவை என்பதையும் எடுத்துரைக்கின்றனர். கல்வி உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவை குறித்துத் தனி அமர்வுகளும், பயிலும் மாணவர்களுடன் கலந்துரையாடலும் இடம்பெறுவதுண்டு.

மாணவர்களுக்கான கல்விக் கண்காட்சியிலிருந்து இது ஒரு முக்கிய வகையில் வேறுபடுகிறது. கண்காட்சிக்கு வரும் மாணவர் தமக்கான விடையை மட்டுமே பெற்றுச் செல்கிறார். மாநாட்டில் பங்கேற்கும் ஆசிரியரோ தாம் அறிந்ததை ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களிடம் கொண்டு சேர்க்க முடியும். சரியான தகவல் எவ்வாறு பரவுமோ, தவறான தகவலும் அவ்வாறே பரவும்.

ஆண்டுதோறும் மாறும் விதிகள்

மத்திய பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) 2022இல் அறிமுகமானது. முதல் ஆண்டிலேயே சுமார் 14.9 லட்சம் பேர் பதிவு செய்தனர். அதுவரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து வழிகாட்டி வந்த ஆசிரியர்களின் அனுபவம், ஒரே ஆண்டில் பெருமளவு பயனற்றதானது.

தேர்வின் வடிவமும் நிலையாக இருக்கவில்லை. 2025ஆம் ஆண்டுத் தேர்வில் பாடங்களின் எண்ணிக்கை 63இலிருந்து 37ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு மாணவர் அதிகபட்சம் 5 பாடங்களை எழுதலாம் என்றும், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தையும் தேர்வு செய்யலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே க்யூட் தேர்வை எழுதியிருக்க வேண்டும் என்பது டெல்லி பல்கலைக்கழகத்தின் நிபந்தனை. தேர்வு அனுமதிக்கிறது, பல்கலைக்கழகம் ஏற்பதில்லை. முதல் அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு அறிவுரை கூறும் ஆசிரியர், மாணவரின் ஓராண்டை வீணாக்கிவிடக் கூடும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. உயிரியலைப் பள்ளியில் படிக்காதவர்கள் மருத்துவப் படிப்பை நினைத்துப் பார்க்கவே முடியாது என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் தேர்வை எழுதலாம் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. பழைய விதியையே நினைவில் வைத்திருக்கும் ஆசிரியர், திறந்திருக்கும் கதவையும் மூடியிருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட நேரிடும்.

ஆலோசகர்கள் இருக்கிறார்களா?

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஆலோசகர் மற்றும் நல்வாழ்வு ஆசிரியர் ஒருவரை முழுநேரமாக நியமிக்க வேண்டும் என்று சிபிஎஸ்இயின் 2018ஆம் ஆண்டு இணைப்பு விதிகள் கூறின. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை 300 மாணவர்களுக்குக் குறைவாக உள்ள பள்ளிகள் பகுதிநேரமாக நியமித்துக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. எனினும், இப்பணியின் மையம் மாணவர்களின் மனநலமும் நல்வாழ்வும்தான். உயர்கல்வி வழிகாட்டுதல் அதனோடு சேரும் மற்றொரு பொறுப்பாகவே அமைந்துவிடுகிறது.

முறையான பயிற்சிக்கு வழி இல்லாமல் இல்லை. என்சிஇஆர்டி, வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனையில் ஓராண்டு டிப்ளமோ படிப்பை நடத்தி வருகிறது. ஆனால், வகுப்பெடுத்துக்கொண்டே வழிகாட்டிப் பொறுப்பையும் சுமக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஓராண்டுப் படிப்பு சாத்தியமாவதில்லை. குறுகிய கால மாநாடுகளின் தேவை இங்குதான் எழுகிறது.

ஆசிரியர்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை எதிர்பார்க்கிறது. பல்கலைக்கழக மாநாட்டில் செலவிடும் நேரம் இக்கணக்கில் சேருமா என்பதை, பங்கேற்பதற்கு முன்பே பள்ளி நிர்வாகத்திடம் உறுதிசெய்துகொள்வது நல்லது.

கட்டணமும் கடனும்

ஆசிரியர்களிடம் பெற்றோர் கேட்கும் முக்கியக் கேள்விகளில் ஒன்று பணம் பற்றியது. பிஎம் வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 6 அன்று ஒப்புதல் அளித்தது. இதன்படி பிணையமோ ஜாமீன்தாரரோ இன்றி மாணவர்கள் கல்விக்கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களின் மாணவர்களுக்கு, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாத நிலையில், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு.

ஆனால், தகுதி பெற்ற கல்வி நிறுவனங்களின் பட்டியலில் உள்ளவற்றில் சேர்ந்தால் மட்டுமே இச்சலுகை பொருந்தும். எனவே, மாநாட்டை நடத்தும் பல்கலைக்கழகம் அப்பட்டியலில் உள்ளதா என்பது, அதன் அதிகாரிகளிடமே ஆசிரியர்கள் நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

பயிற்சியா, விளம்பரமா?

இம்மாநாடுகள் மீதான முக்கிய விமர்சனமும் இதையொட்டியதே. மாநாட்டை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் தேவை. அம்மாணவர்கள் ஆசிரியர்களின் சொல்லை நம்புகின்றனர். ஆகவே, பயிற்சி என்ற பெயரில் தொடங்கும் நிகழ்ச்சி சேர்க்கைப் பிரசாரமாக முடியும் வாய்ப்பு உள்ளது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. பயனுள்ள மாநாடு, தன் வளாகத்துக்கு வெளியே உள்ள வாய்ப்புகளையும் பேசும். யாருக்குத் தன் படிப்பு பொருந்தாது என்பதையும் சொல்லும். கேள்விகளுக்குப் போதிய நேரம் ஒதுக்கும். பரிசுப்பொருள், விருந்து, மாணவர்களின் கைப்பேசி எண்களைக் கேட்கும் படிவம் ஆகியவையே நிகழ்ச்சியில் முன்னிலை பெற்றால், ஆசிரியர்கள் எச்சரிக்கையாக இருப்பது அவசியம்.

யார் பங்கேற்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. பயணச் செலவையும் பணிவிடுப்பையும் பள்ளியே ஏற்றால்தான் ஆசிரியர் தொலைதூர வளாகத்துக்குச் செல்ல முடியும். வழிகாட்டுதல் அதிகம் தேவைப்படும் கிராமப்புற அரசுப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இது எளிதன்று. மாவட்டத் தலைநகரங்களில் அமர்வுகளை நடத்துவதும், வட்டார மொழியில் குறிப்பேடு வழங்குவதும் இதற்கான நடைமுறைத் தீர்வுகளாகும்.

பள்ளிகள் செய்யக்கூடியவை

மாநாட்டுக்குச் சென்று திரும்பும் ஆசிரியர், அறிந்தவற்றைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளப் பள்ளிகள் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே பயன் பன்மடங்காகும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்ற பட்டியலைத் தயாரித்து, அதை ஆண்டுதோறும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தகவல் கையேட்டுடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

அப்பட்டியல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை மட்டும் சென்றடைவது போதாது. பதினொன்றாம் வகுப்புக்கான பாடங்களைத் தேர்வு செய்யும் முன்பே, பத்தாம் வகுப்பு மாணவர்களின் கைகளிலும் அவர்களுடைய பெற்றோரின் கைகளிலும் அது இருக்க வேண்டும்.