தேர்வுத் தோல்வியும் மாணவர் மனநலமும்

தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் காலம் மாணவர்களுக்கு மன அழுத்தம் மிகுந்ததாகும். மதிப்பெண் குறைந்தால் வருந்துவது இயல்பு. தூக்கமின்மை, பசியின்மை, யாருடனும் பேசாதிருத்தல் ஆகியவை நாள்கணக்கில் நீடித்தால் உதவி தேவை. சாவைப் பற்றிய பேச்சு ஒருமுறை வந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

சினேகா அமைப்பு

மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். இதன் தன்னார்வலர்கள் துயரில் இருப்பவர் சொல்வதைக் குறை கூறாமல், பொறுமையாகக் கேட்கின்றனர். கேட்டதை இரகசியமாகக் காக்கின்றனர்.

துணைத்தேர்வு

முன்பு தேர்வில் தவறியவர்கள் மேற்படிப்பில் ஓராண்டை இழக்க நேர்ந்தது. இப்போது முடிவுகள் வெளியான சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடைபெறுகிறது. அதில் தேர்ச்சி பெறுவோர் அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரலாம். இம்முறைக்காகக் குரல் கொடுத்தவற்றுள் சினேகாவும் ஒன்று.

பெற்றோர் செய்யக்கூடியவை

முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடக்கூடாது. "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது, மாறாக, மனம் திறந்து பேச வழி செய்யும்.

உதவி எண்கள்

- 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்.
- 14416: நடுவண் அரசின் டெலி மானஸ். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.