பள்ளிக்கூடத்துத் தண்ணி ‘நல்ல தண்ணி’தானா?



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வேலையெல்லாம் முடிந்து தீர்மான நோட்டை மூடும் நேரத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: “மேடம், எம் பொண்ணுக்கு அடிக்கடி வயித்தால போவுது. வீட்ல காய்ச்சித்தான் குடுக்கிறேன். டவுன் பள்ளிக்கூடத்துல படிக்குது. அங்க தண்ணி எப்படின்னு யாரு பாக்கிறது?”

நியாயமான கேள்வி. நாலு அம்மாக்களோடு அந்தத் தொடக்கப்பள்ளிக்குப் போனோம். குழாய்த் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் வந்தது. ஆனால் மாடித் தொட்டிக்கு மூடி இல்லை. எப்போது கழுவினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வகுப்பறைக் குடத்துக்கு ஒரே ஒரு டம்ளர். பிள்ளைகள் கையோடு உள்ளே விட்டு மொண்டு குடித்தார்கள்.

உப்புக் கரிக்காத தண்ணியை நாம் ‘நல்ல தண்ணி’ என்கிறோம். ஆனால் ருசி வேறு, பாதுகாப்பு வேறு. கிருமி கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

புதுச்சேரி டவுனுக்கும் நல்ல தண்ணிக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஆயி என்ற பெண் தன் மாளிகையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், முத்திரையர்பாளையத்திலிருந்து டவுனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவுதான் பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபம். நம் அரசு முத்திரையில் இருப்பதும் அதுதான். தண்ணியை ஊருக்குக் கொண்டுவருவது பாதி வேலை. பிள்ளையின் டம்ளர் வரை சுத்தமாகக் கொண்டுசேர்ப்பது மீதி வேலை.

தண்ணி எங்கே கெடுகிறது?

முதலில், தெருவுக்கு அடியில். பல இடங்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. தண்ணி விடும் நேரம் முடிந்ததும் குழாயில் அழுத்தம் குறையும். அப்போது விரிசல் வழியே கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். நம் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளை 3 நாள் மூடினார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணமாகப் பேசப்பட்டது.

இரண்டாவது, தொட்டியில். மூடி இல்லாவிட்டால் காக்கை எச்சம், தூசி, கொசு எல்லாம் சேரும்.

மூன்றாவது, கையிலும் டம்ளரிலும்.

“ஆர்.ஓ. மெஷின் வெச்சிருக்காங்களே, போதாதா?” என்று கேட்பீர்கள். அது உப்பை எடுக்கும், கிருமியையும் வடிகட்டும். ஆனால் காவலாக இருக்கும் குளோரினும் அதில் போய்விடும். அதன் பிறகு அழுக்குத் தொட்டியில் சேர்த்து வைத்தால் மறுபடியும் கிருமிதான். ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாத மெஷின் இருந்தும் பயனில்லை.

சட்டம் நம் பக்கம்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீர் பள்ளியில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். எல்லாப் பள்ளியிலும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2012 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆகவே கேட்பது சண்டை இல்லை, நம் உரிமை.

போய்ப் பார்க்க வேண்டியவை

1. தொட்டிக்கு மூடி இருக்கிறதா? கழுவிய தேதி சுவரில் எழுதியிருக்கிறதா? ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும்.

2. குளோரின் போடுகிறார்களா? குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அளவை நாமாக முடிவு செய்யாமல் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள்.

3. குடத்துக்குக் குழாய் வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் நீளக் கைப்பிடி கரண்டியாவது வேண்டும்.

4. கழிப்பறையில் தண்ணியும் சோப்பும் உண்டா? கழிப்பறை சரியில்லை என்றால் பெண் பிள்ளைகள் தண்ணி குடிக்காமலே இருந்துவிடுவார்கள். பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பினால், ஏன் என்று விசாரியுங்கள்.

5. தண்ணியைப் பரிசோதித்தார்களா? ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குப் பரிசோதனைப் பயிற்சி தர வழி உண்டு. பரிசோதனை மருந்து உள்ள சின்ன பாட்டிலில் தண்ணி பிடித்து ஓரிரு நாள் வைத்தால், கறுத்துப்போனால் கழிவு கலந்திருக்கலாம் என்று அர்த்தம். உடனே பொதுப்பணித்துறைக்குச் சொல்ல வேண்டும். அதுவரை காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

அந்தப் பள்ளியில் அம்மாக்கள் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் தொட்டிக்கு மூடி வந்தது, குடத்துக்குக் குழாய் வந்தது, கழுவிய தேதியைச் சுவரில் எழுதினார்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தேதியைப் போய்ப் பார்க்கும் பொறுப்பை, கேள்வி கேட்ட அக்காவே எடுத்துக்கொண்டார்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு யார் போவது? அடுத்த கூட்டத்தில் பெயரோடு தீர்மான நோட்டில் எழுதுங்கள்.