மீன் தொட்டியை முழுவதும் கழுவாதீர்கள்!

சுத்தம் செய்த மறுநாளே மீன் சாவது ஏன்?

கண்ணாடித் தொட்டியில் தங்க மீன் நீந்துவதைப் பார்த்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் பல வீடுகளில் அந்த மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நீடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்கிறார்கள். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். தொட்டி பளிச்சென்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மீன் செத்து மிதக்கிறது!

"வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். உண்மைக் காரணம் தண்ணீரில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மீனைக் காப்பாற்றலாம்.

கண்ணுக்குத் தெரியாத கூட்டாளிகள்

மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியா என்ற நஞ்சு தண்ணீரில் சேருகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதே நஞ்சுதான். ஆற்றிலும் ஏரியிலும் தண்ணீர் அதிகம். அதனால் தீங்கு குறைவு. தொட்டியிலோ மீன் தன் கழிவிலேயே நீந்த வேண்டியிருக்கிறது.

இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. இதனால் தீங்கு மிகக் குறைவு. வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890-ஆம் ஆண்டு வாக்கில் இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இவை எங்கே வாழ்கின்றன? வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால், மீனைக் காக்கும் கூட்டாளிகளையே அழித்தவர்கள் ஆவோம்!

புதுத் தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே முதல் நாளே பத்து மீன் வாங்கி விடாதீர்கள். ஒன்றிரண்டு மீனுடன் தொடங்குங்கள். பொறுத்து மற்றவற்றைச் சேருங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது?

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். ஒரு ரப்பர் குழாயை அடிவரை விட்டு, கூழாங்கற்களுக்கு இடையே உள்ள அழுக்கோடு தண்ணீரை வெளியே எடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், நல்ல உரம்.

வடிகட்டிப் பஞ்சை, வெளியே எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் இலேசாகப் பிழிந்தால் போதும். சோப்பு, சலவைத் தூள் கூடவே கூடாது.

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுளை அரிக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். குளோரின் போய்விடும்.

கடலோரப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீர் சிறிது உவர்ப்பாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் மோலி, கப்பி மீன்களை வளர்க்கலாம். அவை சிறிது உப்பைத் தாங்கும்.

தீனியில் சிக்கனம்

மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியால் அல்ல. அது மூச்சு விடுகிறது! இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுங்கள். ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் மீன் சாகாது. குழந்தைகள் ஆளுக்கொரு பிடி போட்டால் தண்ணீர் கெட்டுவிடும்.

மின்சாரம் போனால்?

கடலூர் மாவட்டத்து மக்களுக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் காற்றுப் பம்பு நின்றுவிடும்.

வெந்நீராக ஆக ஆகத் தண்ணீரில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராம்தான். ஆகவே கோடையில் மின்சாரம் போனால் ஆபத்து அதிகம்.

மீன்கள் மேலே வந்து வாயைத் தூக்கினால், மூச்சு முட்டுகிறது என்று அறியுங்கள். ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு, சற்று உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். தீனியை நிறுத்துங்கள். பல மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தால், பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே வடிகட்டியை ஓட விடுங்கள்.

பைட்டர் மீன் மட்டும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டையைப் போல அதுவும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியது. தங்க மீனுக்கு அந்த வசதி இல்லை.

வெள்ளைப் புள்ளி நோய்

மீனின் உடலில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவது ஓர் ஒட்டுண்ணியின் வேலை. அது முற்றியதும் அடியில் விழுந்து நூற்றுக்கணக்கில் பெருகும். அடித் தண்ணீரை அடிக்கடி எடுத்து மாற்றுவதே முதல் வைத்தியம். தங்க மீன், மோலி, கப்பி ஆகியவற்றுக்கு 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். கெளுத்தி வகைக்கு உப்பு ஆகாது.

வருமுன் காப்பது இன்னும் நல்லது. புதிய மீனை இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்திருந்து, பிறகு தொட்டியில் விடுங்கள்.

குளத்தில் விடலாமா?

மீன் பெரிதாகிவிட்டது என்று கோவில் குளத்திலோ வீராணம் ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியில் பாசி தின்ன வாங்கும் சக்கர் மீன், நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகி இருக்கிறது. வேண்டாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கோமாளி மீன் என்னும் அழகான கடல் மீனை அங்கே தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கடல் மீனானாலும் நன்னீர் மீனானாலும் அடிப்படை ஒன்றுதான்: மீனை வளர்ப்பதற்கு முன் தண்ணீரை வளர்க்க வேண்டும்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்க்காதீர்கள். கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், போதும். மீனும் பிழைக்கும், குழந்தையின் சிரிப்பும் நிலைக்கும்.